வழிகாட்டிய சருகுமானும் வயிறெரிந்த மலையணிலும்

சாரமலைக் காட்டில் மாந்தளிர் என்று ஒரு மலையணில் இருந்தாள். நம் வீட்டு மதிலில் ஓடுகிற அணிலைப் போலச் சின்னவள் இல்லை. பூனை அளவு உடம்பு. உடம்பைவிட நீளமான வால். முதுகு முழுக்கச் செக்கச்செவேலென்ற நிறம். உச்சிக்கிளைகளிலேயே பிறந்து வளர்ந்தவள். தரையில் கால் வைப்பதைக் கேவலமாக நினைப்பவள்.

அவள் குடியிருந்த அத்திமரத்தின் அடியில், சருகுக் குவியலுக்குள், தினைச்சி என்ற சருகுமான் குடியிருந்தாள். மான் இனத்திலேயே மிகச் சின்னது சருகுமான். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கொம்பு கிடையாது. சத்தம் கேட்டால் அசையாமல் சருகோடு சருகாகப் படுத்துக்கொள்ளும். அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு.

மாந்தளிர் கடித்துப் போடும் பழங்களில் பாதி கீழே விழும். தினைச்சி அதைத் தின்று வயிறு வளர்ப்பாள். தின்று முடித்ததும் மேலே பார்த்து, அக்கா புண்ணியத்தில் இன்றைய பாடு கழிந்தது என்று சொல்வாள். மாந்தளிருக்கு அதைக் கேட்க ஆசையாக இருக்கும். தன் மிச்சத்தில் ஒருத்தி பிழைக்கிறாள் என்பதில் அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமைக்காகவே சில நாள் ஒரு கடி கடித்துவிட்டு முழுப் பழத்தையும் கீழே போடுவாள்.

இப்படியே இருவரும் நல்ல சிநேகிதிகளாக இருந்தார்கள்.

சாரமலைக்குக் கீழே கரிசல் சமவெளி. சித்திரை பிறந்துவிட்டால் அங்கே பச்சை என்று சொல்ல ஒரு இலை மிஞ்சாது. வெளிமான்களும் முயல்களும் கௌதாரிகளும் தண்ணீரைத் தேடி மலை ஏறி வரும். வழி தெரியாமல் கண்ட இடத்தில் புகும். ஓடையில் மொத்தமாக இறங்கிக் கலக்கும். குருவிகள் முட்டையிட்டிருக்கும் புல்லை மிதிக்கும். யானைகள் கோபம் கொண்டு பிளிறி விரட்டும். வந்தவர்கள் பாதித் தாகத்தோடு திரும்பி ஓடுவார்கள். வருஷா வருஷம் இதே கதைதான். மலையில் இருப்பவர்களுக்கும் எரிச்சல், வருகிறவர்களுக்கும் அவமானம்.

ஒரு கோடையில் முறுக்கன் என்ற வெளிமான் தன் மனைவி வேலாயியோடும் கைக்குழந்தை போன்ற குட்டியோடும் கூட்டத்தைத் தவறவிட்டு வழி தெரியாமல் நின்றான். இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தால் தினைச்சியின் மேலேயே மிதித்திருப்பான். ஒளிந்துகொள்ள இனி வழியில்லை என்று தினைச்சி நடுங்கிக்கொண்டே எழுந்து வெளியே வந்தாள். குட்டியின் நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது.

"என் பின்னாலயே வாங்க. நான் மிதிக்கிற இடத்துல மட்டும் மிதிங்க" என்றாள்.

மரநிழல் விலகாத தன் சொந்த ஒற்றையடிப் பாதையில் அவர்களை ஒரு சின்னச் சுனைக்கு அழைத்துப் போனாள். எந்தப் பக்கம் இறங்கிக் குடிக்கலாம், எந்தப் பக்கம் மீன்குஞ்சுகள் இருக்கின்றன என்று காட்டினாள். இரவு தங்குவதற்கு முள்ளம்பன்றி கூராண்டியிடம் கேட்டாள். கூராண்டியின் பாறைக்குகையில் பாதி இடம் சும்மாதான் கிடந்தது. தனியாக இருந்து இருந்து பேச்சுத் துணைக்கு ஏங்கிப் போயிருந்த அவர் சந்தோஷமாக ஒதுக்கிக் கொடுத்தார். கூடவே தோண்டி வைத்திருந்த கிழங்கையும் எடுத்து வைத்தார்.

முறுக்கன் குடும்பம் ஊர் திரும்பியதும் இந்தச் செய்தி கரிசல் காடு முழுக்கப் பரவியது. அடுத்த கோடையில் விருந்தாளிகள் தினைச்சியின் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். சோளக்கதிர், துவரை, வேர்க்கடலை என்று தங்கள் மண்ணில் விளைந்ததை வாயில் கவ்வி வந்து கொடுத்தார்கள். சாரமலையில் கோடை போனால் அடைமழை. மாதக்கணக்கில் விடாமல் கொட்டும். வெளியே தலை காட்ட முடியாது, தின்னவும் ஒன்றும் கிடைக்காது. அந்தச் சமயத்துக்கு இந்தத் தானியம் பெரிய துணை. தினைச்சிக்கும் கூராண்டிக்கும் இதுவே தொழிலாகிவிட்டது.

தினைச்சி சில விதிகள் வைத்திருந்தாள். ஒரு தடவைக்குச் சில பேரை மட்டும்தான் அழைத்துப் போவாள். மற்றவர்கள் அடிவாரப் புளியந்தோப்பில் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பாதையை விட்டு விலகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பஞ்சுப்பள்ளத்துப் பக்கம் போகவே கூடாது.

பஞ்சுப்பள்ளம் மலையின் நடுவில் இருக்கும் ஒரு பச்சைப் பள்ளத்தாக்கு. அங்கே மண் மண்ணாக இருக்காது. நனைந்த பஞ்சு மாதிரி இருக்கும். அடைமழையில் பெய்கிற தண்ணீரையெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது அந்தப் பள்ளம்தான். காட்டின் தலைவி ஆலம்மா என்ற யானை. அவளுடைய கூட்டம்கூட அதன் ஓரத்தில் நின்று புல் மேயுமே தவிர, உள்ளே கால் வைக்காது.

ஓடை தெளிந்து ஓடியது. ஆலம்மா ஒருநாள் அத்திமரத்தடியில் நின்று, இந்த வருஷம்தான் கோடையில் சேறில்லாத தண்ணீர் குடிக்கிறேன், எல்லாம் இந்தச் சின்னவளால் என்று வாய்விட்டுச் சொன்னாள். மேலே கிளையில் இருந்த மாந்தளிரின் காதில் அது நன்றாக விழுந்தது.

அன்றைக்குத்தான் அவள் நெஞ்சில் முதல் பொறி விழுந்தது.

அடைமழை வந்தது. மாந்தளிர் ஈர மரப்பட்டையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் மழை சற்று விட்டபோது தினைச்சி மரத்தடியில் வந்து நின்றாள். வாயில் வேர்க்கடலை.

"அக்கா, உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். இறங்கி வந்து எடுத்துக்கோங்க."

மாந்தளிர் தின்றாள். கடலை நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நேற்றுவரை என் மிச்சத்தைத் தின்றவள், இன்று எனக்குப் படியளக்கிறாள் என்று நினைத்தாள். அந்த நினைப்போடு விழுங்கிய கடலை செரிக்கவில்லை.

அடுத்த கோடையில் மாந்தளிரும் விருந்தாளிகளை அழைக்கத் தொடங்கினாள். உச்சிக்கிளைக்கு வந்தால் மலை முழுவதையும் பார்க்கலாம் என்று கூவினாள். மானும் முயலும் மரம் ஏறுமா? கௌதாரிகள் மட்டும் சிரமப்பட்டுப் பறந்து போய் உட்கார்ந்தன. மாந்தளிர் அவற்றுக்கு மலையைக் காட்டவில்லை. தன் வாலைக் காட்டினாள். தான் எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்குத் தாவினாள் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கௌதாரிகள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டன.

"தினைச்சி வீடு எந்தப் பக்கம்?"

மாந்தளிர் வாய் திறக்காமல் கீழே கை காட்டினாள். அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க, வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். மரம் உயரமாக இருந்ததால் அடையாளம் கேட்க அது வசதியாகப் போய்விட்டது.

அவள் முகம் வாடியிருப்பதைத் தினைச்சியும் கவனித்தாள். ஒருநாள் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தாள். அக்கா மேலேயிருந்து பார்த்து யானைக்கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொன்னால் விருந்தாளிகளைப் பயமில்லாமல் அழைத்துப் போகலாம், கிடைப்பதில் அக்காவுக்கும் ஒரு பங்கு வைத்துவிடலாம் என்றாள். அவள் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் மாந்தளிருக்கு அது வேறு மாதிரி கேட்டது.

"எனக்கு நீ வேலை போட்டுக் குடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தாவிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் பழத்தை முழுசாகத் தின்றுவிட்டுத்தான் அடுத்ததைப் பறித்தாள். கீழே ஒரு தோல்கூட விழாமல் பார்த்துக்கொண்டாள்.

பொறாமை பிடித்தவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. யாரைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ அவர்களையேதான் கண் தேடும். மாந்தளிர் விடிந்ததும் தினைச்சியின் பாதைக்கு மேலுள்ள கிளையில் போய் உட்காருவாள். எத்தனை விருந்தாளிகள், என்ன கொண்டுவந்தார்கள், போகும்போது சிரித்துக்கொண்டு போனார்களா என்றெல்லாம் பார்ப்பாள். பார்த்துப் பார்த்துக் காய்ந்தாள். அத்திப்பழம் பழுத்துக் கிடந்தது. அவளோ இளைத்துப் போனாள்.

அதற்கடுத்த கோடை மிகக் கொடுமையாக இருந்தது. அடிவாரப் புளியந்தோப்பில் கூட்டம் நெருக்கியடித்தது. முறை வரத் தாமதமானது. குட்டிகள் அழுதன. காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மாந்தளிர் இதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். தோப்பின் ஓரத்து மரத்துக்கு வந்து, தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள்.

தினைச்சி காட்டுகிற சுனை ஒரு குட்டைதானே என்றாள். மலையிலேயே நல்ல தண்ணீர் இருக்கும் இடம் பஞ்சுப்பள்ளம், கழுத்தளவு புல், காலை வைத்தால் குளிரும் என்றாள். அதைத் தினைச்சி தனக்கும் தன் சிநேகிதர்களுக்கும் என்று ஒளித்து வைத்திருக்கிறாள், அதனால்தான் அந்தப் பக்கமே போகக் கூடாதென்று விதி போட்டிருக்கிறாள் என்றாள். பள்ளம் பச்சைப்பசேலென்று இருப்பதை மாந்தளிர் மேலேயிருந்து பார்த்திருக்கிறாள். அதில் ஒருநாளும் இறங்கியதில்லை.

"எங்கூட வாங்க. யாரும் காத்திருக்க வேண்டாம். எத்தனை பேர் வேணும்னாலும் வரலாம்" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் முறுக்கனும் வேலாயியும் அந்த வருஷம் பிறந்த குட்டியோடு இருந்தார்கள். தினைச்சியின் பேச்சை மீறுவதா என்று வேலாயி தயங்கினாள். முறுக்கன் குட்டியின் காய்ந்த வாயைப் பார்த்தான். தண்ணீர் எல்லோருக்கும் பொதுதானே என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

மாந்தளிர் கிளை கிளையாகத் தாவி முன்னே போனாள். கீழே மொத்தக் கூட்டமும் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் வந்தது. வாழ்நாளில் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பச்சையைக் கண்டதும் கூட்டம் தலைதெறிக்க ஓடியது. முதலில் போனவர்களின் கால் புதைந்தது. பின்னால் வந்தவர்கள் அது தெரியாமல் முட்டித் தள்ளினார்கள். பயந்து திரும்பியவர்கள் கரையை மிதித்து உடைத்தார்கள். காலங்காலமாக நின்ற கரை சரிந்து, கருஞ்சேறு குபுகுபுவென்று ஓடையில் இறங்கியது. எப்படியோ எல்லோரும் கரையேறிவிட்டார்கள், வேலாயியின் குட்டியைத் தவிர. அது எல்லோருக்கும் முன்னால் துள்ளி ஓடியிருந்தது. இப்போது பள்ளத்தின் நடுவில் வயிறுவரை புதைந்து நின்றது. அசைய அசைய இன்னும் உள்ளே போனது.

வேலாயி அலறிய சத்தம் தினைச்சியின் காதுக்கு எட்டியது. அவள் ஓடி வந்தாள். ஒரு நொடிகூட நிற்கவில்லை. கோரைப்புல் குத்துக்குத்தாக முளைத்திருந்த இடமாகப் பார்த்துக் கால் வைத்து உள்ளே போனாள். அவள் எடையை அந்தப் புல் தாங்கியது. ஆனால் குட்டியை இழுக்க அவளுக்குப் பலம் ஏது? அதன் முகவாயைத் தன் முதுகில் தாங்கிக்கொண்டு மேலே பார்த்தாள். கிளையில் மாந்தளிர் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொடி!"

மாந்தளிர் அசைந்தாள். அடுத்த கணம் ஒரு நீளமான கொடியைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதன் நுனியைக் கவ்விக்கொண்டு மரத்திலிருந்து இறங்கினாள். தரையில் கால் வைக்காதவள் சேற்றில் கால் வைத்தாள். வால் சேற்றில் புரண்டது. குட்டியின் முன்னங்கால்களுக்குக் கீழே தினைச்சி மூழ்கிக் கொடியைச் செலுத்த, மாந்தளிர் மறுபக்கம் வாங்கிச் சுற்றினாள். முறுக்கனும் மற்ற ஆண்மான்களும் கரையிலிருந்து கவ்வி இழுத்தார்கள். சேறு விடமாட்டேன் என்று பிடித்தது. பிறகு ஒரு பெரிய சத்தத்தோடு விட்டது.

குட்டி பிழைத்தது. ஆனால் மலை கெட்டுப்போனது.

ஓடையில் சேறு வருவதைக் கண்டு ஆலம்மா கூட்டத்தோடு ஏறி வந்தாள். அவள் வரும் சத்தம் கேட்டதுமே விருந்தாளிகள் எல்லோரும் அடிவாரத்துக்கு ஓடிவிட்டார்கள். சேறு வழியத் தினைச்சி மட்டும் கரையில் நின்றாள். மாந்தளிர் மரத்தில் ஏறி இலைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள்.

கீழே ஓடையோரம் யானைக்கன்றுகள் தாகத்தோடு கத்திக்கொண்டிருந்தன. ஆலம்மாவுக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை.

"யார் கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டாள்.

தினைச்சி ஒரு தடவை மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். இலைக்கு வெளியே வால் நுனி தெரிந்தது. அது அசையவில்லை. தினைச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்காகக் காத்திருந்த விருந்தாளிங்கதான் அம்மா" என்றாள்.

ஆலம்மா மேற்கொண்டு விசாரிக்கவில்லை. இனி கீழேயிருந்து ஒருவரும் மலை ஏறக் கூடாது, மலையில் ஒருவரும் அவர்களை அழைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அடிவாரப் பாதையை மறித்து யானைகள் இரண்டு பெரிய மரங்களைச் சாய்த்தன.

அன்று மாந்தளிர் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். அவள் நினைத்ததைவிட அதிகமாகவே நடந்துவிட்டது. தினைச்சியின் பாதையில் புல் முளைத்தது. அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. பழையபடி சருகுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். ஆனால் மாந்தளிரின் மரத்துக்கும் யாரும் வரவில்லை. வழி கேட்கக்கூட ஆளில்லை. பழுத்த அத்தி தானாக விழுந்து அழுகியது.

அடைமழையில் மலை பட்டினி கிடந்தது. கூராண்டி தன்னிடம் மிஞ்சிய கிழங்கில் பாதியைத் தினைச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, மழை விடும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவார். அதையும் மாந்தளிர் மேலேயிருந்து பார்த்தாள். இவ்வளவு கெட்ட பிறகும் அவளைத் தேடிப் போக ஒருத்தர் இருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. எரிவதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எரிச்சல் நிற்கவில்லை.

மறுபடி கோடை வந்தது. மேலே தின்ன ஒன்றுமில்லாமல் மாந்தளிர் புளியம்பழத்துக்காக அடிவாரத் தோப்புவரை போனாள். அங்கே வெளிமான்கள் நின்றன. தடையை மதித்து, சாய்ந்த மரத்தைத் தாண்டாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றன. எல்லோருக்கும் விலா எலும்பு தெரிந்தது. வேலாயி புதிதாக வந்த ஒரு பெண்மானிடம் போன வருஷத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வளர்ந்து நின்றது அந்தக் குட்டி. தன்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்து மாந்தளிர் இலைக்குள் ஒடுங்கினாள்.

"அந்தச் செவப்பு அணிலக்காவைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றாள் வேலாயி. "எங்க தாகத்தைப் பார்த்து மனசு கேக்காமத்தான் கூப்பிட்டா. அங்க சேறு இருக்கும்னு அவளுக்கு என்ன தெரியும்? தரையில காலே வைக்காதவளாம். எம்பிள்ளைக்காகச் சேத்துல இறங்கினா. அவ நல்லா இருக்கணும்."

இப்படி ஒரு சொல்லைக் கேட்கத்தான் மாந்தளிர் இத்தனை நாள் ஏங்கினாள். அது வந்தே விட்டது. ஆனால் காதில் விழுந்ததும் முள்ளாய்க் குத்தியது. அவள் வாயிலிருந்த புளியம்பழம் நழுவி விழுந்தது. சத்தம் கேட்டு எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் அங்கே இல்லை.

கிளைவழியே ஓடினாள். யானைக்கூட்டம் நின்ற இடத்துக்கு வந்ததும் மரத்திலிருந்து இறங்கி, ஆலம்மாவின் முன்னங்காலுக்கு எதிரே தரையில் நின்றாள்.

"அம்மா, போன வருஷம் பள்ளத்துக்குக் கூட்டத்தைக் கூட்டிட்டுப் போனது நான். தாகத்துக்கு இரங்கிப் போகல. எல்லாரும் தினைச்சியைத் தேடி வர்றாங்களேன்னு வயிறெரிஞ்சு போனேன். அவ பேர் கெடணும்னு போனேன். அவளுக்கு இது தெரியும். தெரிஞ்சும் அவ சொல்லல."

ஆலம்மாவின் காதுகள் அசைவது நின்றுவிட்டது. மிதித்துவிடுவாள் என்றே மாந்தளிர் நினைத்தாள்.

"நீ செஞ்சது தப்பு" என்றாள் ஆலம்மா கடைசியில். "விசாரிக்காம தீர்ப்புச் சொன்னது என் தப்பு. ஒரு தப்புக்காக எல்லாரோட பிழைப்பையும் மூடிட்டேன். வா, அவகிட்டப் போவோம்."

மரத்தடியில் இத்தனை பெரிய காலடிச் சத்தம் கேட்டதும் தினைச்சி சருகுக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்தாள். ஆலம்மா தும்பிக்கையால் சருகைத் தொடாமல், தள்ளியே நின்று பேசினாள். நடந்ததைச் சொன்னாள். தடையை எடுத்துவிட்டேன், நீ பழையபடி தொழிலைத் தொடங்கு என்றாள்.

தினைச்சி மெல்ல வெளியே வந்தாள். மாந்தளிரை அவள் பார்க்கவில்லை. ஆலம்மாவிடம் மட்டும் பேசினாள். தடையை எடுத்தால் மட்டும் போதாது என்றாள். பாதை முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. தன்னாலும் கூராண்டியாலும் அதைப் பிடுங்க முடியாது. சாய்ந்த மரங்களை அசைக்கக்கூட முடியாது. போன மழையில் தானியம் இல்லாததால் உடம்பிலும் தெம்பில்லை.

"பெரியவங்க கொஞ்சம் கை குடுத்தா, சின்னவங்க நாங்க நடத்திக்குவோம்" என்றாள்.

ஆலம்மாவின் கூட்டம் வேலையில் இறங்கியது. சாய்ந்த மரங்கள் புரண்டு வழி விட்டன. உண்ணிச்செடிகள் வேரோடு வந்தன. சுனையின் கரையில் போன மழைக்குச் சரிந்திருந்த பாறைகள் பழைய இடத்துக்குப் போயின. இதற்கெல்லாம் விருந்தாளிகள் தருவதில் எவ்வளவு பங்கு வேண்டும் என்று கூராண்டி கணக்காகக் கேட்டார். தெளிந்த தண்ணீர் வந்தால் போதும், அதைவிட எனக்கு என்ன பங்கு என்று ஆலம்மா சொல்லிவிட்டாள்.

பஞ்சுப்பள்ளத்தின் உடைந்த கரையை யானைகளால் சீர்செய்ய முடியாது. அவற்றின் எடையை அது தாங்காது. அந்த வேலையை மாந்தளிர் யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டாள். தினமும் மரத்தை விட்டு இறங்கினாள். தூரத்திலிருந்து கோரைக்கிழங்கைத் தோண்டி வாயில் கவ்வி வந்து, சரிந்த இடத்தில் ஒவ்வொன்றாக ஊன்றினாள். செக்கச்செவேலென்ற முதுகு சேற்றில் கறுத்துப் போனது. தினைச்சி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பாள், பேசமாட்டாள். மாந்தளிரும் பேச்சை எதிர்பார்க்கவில்லை.

கோரை வேர் பிடித்துத் துளிர்விட்டபோதுதான் ஒருநாள் தினைச்சி கரையில் வந்து நின்றாள்.

"நீங்க அன்னைக்குக் கொடி கொண்டு வரலைன்னா அந்தக் குட்டி போயிருக்கும். அதை நான் மறக்கல. ஆனா இலைக்குப் பின்னால இருந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்களே, அதையும் மறக்க முடியல அக்கா."

"மறக்க வேண்டாம்" என்றாள் மாந்தளிர். கையிலிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கிட்ட இன்னொண்ணும் சொல்லிடறேன். தடை நீங்கினப்புறம் நேத்து விருந்தாளிங்க முதமுதல்ல ஏறி வந்தாங்களே, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே வந்தாங்க. எனக்கு இப்பவும் எரிஞ்சுதுடி."

தினைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"எரிஞ்சா எங்கிட்ட வந்து சொல்லிடுங்க. மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டாத்தான் காட்டைக் கொளுத்தும்" என்றாள். பிறகு குனிந்து, மாந்தளிரின் பக்கத்தில் கிடந்த கோரைக்கிழங்கு ஒன்றைக் கவ்வி எடுத்தாள். இருவரும் கரையோரமாக நடந்து, இன்னும் ஊன்றாமல் மிச்சமிருந்த இடத்துக்குப் போனார்கள்.

அடுத்தவர் வாசலுக்கு வரும் விருந்தை விரட்டுகிறவர் வாசலுக்கும் விருந்து வராது; சின்னவர் பிழைக்கப் பெரியவர் கை கொடுத்தால் ஊரே பிழைக்கும்.